கறிச்சோறும் கட்சிச் சண்டையும்

"ஊர்த்தெருக்காரன எதுத்து நின்னுடலாம் தோழர், எங்க மாமன எதுத்து ஒரு வார்த்த பேச முடியல." வேப்பூர்ப் பக்கம் இயக்க வேலை பார்க்கிற இளைஞர்களில் பாதிப்பேர் இதைச் சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். கேட்கிறவர்களும் சிரித்துவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவார்கள். பார்ப்பனியம், நிலம், இடஒதுக்கீடு, அரசு வன்முறை என்று நம் பக்கத்தில் எழுத்துக்குக் குறைவில்லை. கெடா வெட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, எலும்பைக் கடித்தபடி, "என்னாடா, பெரிய அம்பேத்கரு ஆயிட்டியா?" என்று கேட்கிற சித்தப்பனைப் பற்றிய எழுத்துதான் அபூர்வம். அது குடும்ப விவகாரம், அதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று ஒரு நினைப்பு.

அரசியல் அங்கேதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வேப்பூர் ஆட்டுச் சந்தைக்கு ஒரு தடவை போய் நின்று பாருங்கள். விடியுமுன்னே வண்டி வண்டியாய் ஆடு வந்து இறங்கும். வாங்குகிறவர்களில் வியாபாரி உண்டு, கறிக்கடைக்காரர் உண்டு. கூடவே துண்டில் காசை முடிந்துகொண்டு வந்து, ஒரு கெடாவை நாலு பேர் தடவிப் பார்த்து விலை பேசுகிற நம்ம ஜனங்களும் உண்டு. காதுகுத்து, மஞ்சத்தண்ணி, கருமாதி, குலதெய்வத்துக்குப் படையல் என்று எதையாவது சொல்லி உறவைக் கூட்டுவார்கள். கடன் வாங்கியாவது கூட்டுவார்கள்.

ஏன் கூட்டுகிறார்கள்? நம்ம ஜனம் இன்றைக்கு ஒரே இடத்தில் இல்லை. ஒருத்தன் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருத்தி விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு வண்ணம் பூசுகிறாள். ஒரு குடும்பம் கரும்பு வெட்டப் போயிருக்கிறது. சித்தி மகன் சென்னையில் சென்ட்ரிங் வேலை, அத்தை மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி, படித்த பெண் பெங்களூரு. இத்தனை பேரும் ஒரே பந்தலின் கீழ் ஒரு பகல் முழுக்க உட்காருவது இந்தச் சோற்றுக்காகத்தான். மைக்குக்கு அனுமதி வேண்டாம், டி.எஸ்.பி. ஆபீசில் மனு வேண்டாம். எந்த இயக்கமும் ஒரு சேரியில் இவ்வளவு பெரிய கூட்டத்தைச் சுலபமாய்க் கூட்டிவிட முடியாது. அந்தக் கூட்டத்தில் பேசத் தெரியாத இயக்கத்துக்காரன் மாநாட்டு மேடையில் மட்டும் பேசி என்ன ஆகப்போகிறது?

இன்னொன்றும் இருக்கிறது. 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் சாதியின் உயிர்நிலையைத் தொட்டுக் காட்டிவிட்டார்: அகமணம். சொந்தத்துக்குள்ளேயே கட்டு, வெளியே போகாதே என்கிற ஒற்றை விதி. அந்த விதியை நிறைவேற்றுகிற இடம் எது? கோயில் கருவறையா, சட்டமன்றமா? சொந்தபந்தம் கூடி உட்கார்ந்து, "யாருக்கு யாரு" என்று பேசி முடிக்கிற பந்தல்தான்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலை 8-ல் முருகேசனையும் கண்ணகியையும் பிடித்து, காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று, எரித்தார்கள். அவர் தலித், பொறியியல் பட்டதாரி. அவள் வன்னியப் பெண். இரண்டு மாதத்துக்கு முன்தான் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். விஷத்தை ஊற்றியது பெண்ணின் சொந்த ரத்தம். 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது; அவர்களில் கண்ணகியின் உடன்பிறந்தவனும் உண்டு, காவல்துறையினர் இருவரும் உண்டு. உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஏப்ரலில்தான் வழக்கு முடிந்தது. 22 வருஷம். 'குடும்பம்', 'சொந்தம்', 'மானம்' என்கிற சொற்களுக்குள் எவ்வளவு அரசியல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு நம் பகுதிக்காரர்களுக்கு வேறு பாடப்புத்தகம் வேண்டியதில்லை.

ஆதிக்க சாதிக் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த நாம், நம்முடைய பந்தலுக்குள் வரும்போது என்ன செய்கிறோம்? இரண்டில் ஒன்று. ஒன்று, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறோம். இல்லாவிட்டால் இலையில் கையை உதறிவிட்டு, "நீங்கல்லாம் அடிமைங்க" என்று கத்திவிட்டுக் கிளம்புகிறோம். இரண்டிலும் நாம் கிளம்பிவிடுகிறோம். சித்தப்பன் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்.

*

முதலில் இந்த 'அடிமை' என்கிற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு போனதுமே நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிற வார்த்தை அது. கை சின்னத்துக்குக் குத்துகிற ஆயா அடிமை, இரட்டை இலை பெரியப்பா அடிமை, உதயசூரியன் மாமா அடிமை. அவர்கள் ஏன் அங்கே போய் நின்றார்கள் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா?

ஆயாவைக் கேளுங்கள். அவள் புருஷன் பண்ணையில் படியாளாய் இருந்தவர். வாங்கிய கடனுக்கு வட்டியாய் மகனும் படியாள். 1975 அக்டோபரில் கொத்தடிமை ஒழிப்பு அவசரச் சட்டம் வந்தது. 1976-ல் அது முழுச் சட்டமாயிற்று. சட்டம் எல்லாச் சேரியிலும் நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் 'கடன் செல்லாது' என்று ஒரு சர்க்கார் சொன்னதை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். அவளுக்கு அது இந்திராம்மா. பெரியப்பாவைக் கேளுங்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது அவருக்குப் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகள். மத்தியானம் ஒரு வேளை சுடுசோறு என்பது அந்த வீட்டில் அதற்கு முன் நடந்ததில்லை. மாமாவைக் கேளுங்கள். 1974-ல் வந்த தாட்கோ, 2010-ல் வந்த கலைஞர் வீடு, மழைக்கு ஒழுகாத கூரை என்று அவர் ஒரு கணக்கு வைத்திருப்பார். இவர்கள் போட்ட ஓட்டு ஒவ்வொன்றும் ஒரு பட்டா மாதிரி. அதில் கையெழுத்தும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. அதை 'அடிமைத்தனம்' என்று ஒரே வார்த்தையில் கிழித்துப் போட்டால் அவர் வாழ்க்கையையே கிழித்துப் போட்டதாகத்தான் அவருக்குத் தெரியும்.

அதற்காகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவதா? இல்லை. அவருடைய பட்டாவுக்குப் பக்கத்தில் இன்னொரு தாளையும் வைக்க வேண்டும். சோறு போட்ட அதே எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகளைக் கொன்றார்கள். அதே ஆட்சியில்தான் 1987 செப்டம்பர் சாலை மறியலின்போது நம் தென்னார்க்காட்டில் சேரி சேரியாய் எரிந்தது. தி.மு.க. ஆட்சியில்தான் 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் கரிந்தார்கள். தி.மு.க. ஆட்சியில்தான் 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் கூலி கேட்டு வந்தவர்களைப் போலீஸ் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 உயிர் போயிற்று. சோறு போட்டதும் நிஜம், எரிந்ததும் நிஜம். "மாமா, நீங்க சொல்றது அத்தனையும் உண்மதான். இதுவும் உண்மதானே?" என்று கேட்பதற்கும், "நீ அடிமை" என்று சொல்வதற்கும் நடுவில்தான் நம்முடைய அரசியல் வேலை கிடக்கிறது. முதல் கேள்விக்கு மாமா பதில் தேடுவார். இரண்டாவதற்குக் கையைத்தான் ஓங்குவார்.

*

பந்தியில் நடக்கிற கட்சிச் சண்டைக்குப் பின்னால் கொள்கை மட்டும் இருப்பதில்லை. ஒரு கயிறு இருக்கிறது. அந்தக் கயிற்றின் ஒரு முனை சித்தப்பன் கழுத்தில், இன்னொரு முனை வேறு யாரோ கையில். குத்தகைக்கு விட்ட முக்கால் காணி, பால் சொசைட்டியில் ஊற்றுகிற பால், மகனுக்குச் சொல்லி வைத்திருக்கிற ஒப்பந்த வேலை, அவசரத்துக்கு வட்டிக்கு வாங்கிய பணம். காதுகுத்தில் மருமகன் மைக்கைப் பிடித்து, "பண்ணையார் வர்க்கத்தை வேரோடு" என்று முழங்கிவிட்டு ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு ஏறிவிடுவான். விடிந்ததும் அந்தப் பண்ணையார் வீட்டுக் களத்தில் போய் நிற்கப்போவது சித்தப்பன். "என்னாடா, ஒன் அண்ணன் மவன் என்னமோ பேசினானாமே?" என்கிற கேள்விக்குப் பதில் சொல்லப்போவதும் அவர்தான். அவர் பந்தியில் நம்மை அடக்கப் பார்க்கிறார் என்றால், அவருக்குக் கொள்கை இல்லை என்று அர்த்தமில்லை. நாளைக் காலையின் பயம் அது. அந்தக் கயிற்றை அறுக்க வழி சொல்லாமல், கயிறு கட்டியிருக்கிறவனைப் பார்த்துக் குரைக்கிறான் என்று கேலி செய்வது யாருக்கு உதவும்?

தனித்தொகுதியில் பஞ்சாயத்துத் தலைவரான உறவுக்காரரின் கதையும் இதேதான். 1996-ல் உள்ளாட்சியில் இடஒதுக்கீட்டோடு தேர்தல் நடந்தது. அடுத்த வருஷமே, 1997 ஜூன் 30-ல், மேலவளவில் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒரு தலித் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் பயப்படுவார்தான். அவரைச் சொந்தக்காரர்கள் நடுவில் 'டம்மி' என்று சிரிக்காதீர்கள். தனியாகப் போய், "பெரியப்பா, சீல் உங்க பையில இருக்கா, அவன் பையில இருக்கா? செக்குல நீங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுறீங்களா?" என்று கேளுங்கள். படித்த பிள்ளை ஒன்று மாதத்துக்கு ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் போதும். கயிற்றில் ஒரு புரி அறும்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். "குடும்பமே பிற்போக்கு நிறுவனம். அதை உடைக்க வேண்டியதுதான். சமரசம் எதற்கு?" புத்தகத்தில் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சேரி எரிந்தபோது நாம் எங்கே ஓடினோம்? பக்கத்து ஊர்ச் சேரியில் இருக்கிற அத்தை வீட்டுக்குத்தான். நிலம் உள்ளவனுக்கு நிலம் காப்பு, பணம் உள்ளவனுக்குப் பேங்கு காப்பு. நமக்குச் சொந்தபந்தத்தைத் தவிர என்ன காப்பு இருக்கிறது? போஸ்டர் ஒட்டியதற்கு ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றவர் யார்? தீர்வை ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட்டில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யார்? நாம் 'அடிமை' என்று சொன்ன அதே கட்சிக்கார மாமன்தான். உறவை முறித்துக்கொண்டு போவது வசதி உள்ளவன் செய்கிற புரட்சி. நமக்குக் கட்டாது.

அதே சமயம் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜாமீன் எடுத்த மாமன் அடுத்த தேர்தலில், "ஒன்னக் காப்பாத்துனவன் நான், எங்கட்சிக்கு வேல பாரு" என்பார். நன்றிக்கடன் ஒரு நாள் வாய்ப்பூட்டாய் மாறும். அப்போது தெளிவாய்ச் சொல்லிவிட வேண்டும்: "மாமா, ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் ராத்திரி ரெண்டு மணிக்கும் வந்து நிப்பேன். ஓட்டு மட்டும் வேற." உதவிக்கு உதவி. கருத்துக்குக் கருத்து. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க விடக்கூடாது.

*

சின்னத்துக்காகச் சொந்தத்தை முறித்துக்கொண்டவர்களுக்கு நம் பகுதி வரலாறே போதுமான பாடம். 1990-களில் விடுதலைச் சிறுத்தைகள் தேர்தலைப் புறக்கணித்து வந்த இயக்கம். அப்போது ஓட்டுப் போடப்போன சொந்தக்காரர்களோடு பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. 1999-ல் இயக்கம் தேர்தலுக்கு வந்தது. த.மா.கா. கூட்டணியில் திருமாவளவன் சிதம்பரத்தில் நின்றார். எதிரில் தி.மு.க., பா.ஜ.க., பா.ம.க. சேர்ந்த அணி. அந்தத் தேர்தலில் சிதம்பரம் பகுதியில் சேரிகள் அடிபட்டதை நாம் மறக்கவில்லை. அப்போது உதயசூரியன் மாமனோடு அண்ணன் தம்பி முறையெல்லாம் அறுந்துபோன வீடுகள் இருக்கின்றன. இரண்டே வருஷம். 2001-ல் தி.மு.க. கூட்டணி. இதோ நம் பக்கத்து மங்களூர் தனித்தொகுதியில் திருமாவளவன் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று ஜெயித்தார். முறித்துக்கொண்டு போன மருமகன், அதே சூரியனுக்கு ஓட்டுக் கேட்டு மாமன் வாசலுக்குப் போகவேண்டி வந்தது.

2004-ல் அந்தப் பதவியை விட்டார். அதே வருஷம் ராமதாசும் திருமாவளவனும் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் என்று ஒரே மேடையில் நின்றார்கள். 2006-ல் அ.தி.மு.க. கூட்டணி, மங்களூரில் மறுபடியும் சிறுத்தைகளே ஜெயித்தார்கள். 2009-ல் தி.மு.க.வோடு. 2016-ல் மக்கள் நலக் கூட்டணி. 2019-லும் 2024-லும் மறுபடி தி.மு.க.வோடு. மங்களூர் என்கிற தொகுதியே மறுசீரமைப்பில் பெயர் இழந்து போயிற்று. இந்த முடிவுகளில் எது சரி, எது சறுக்கல் என்று விவாதிக்கலாம், விவாதிக்கத்தான் வேண்டும். ஆனால் கூட்டணி என்பது தலைமைகள் எடுக்கிற கணக்கு. அது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறும். அத்தை மகனோடு விட்டுப்போன பேச்சு அப்படி மாறாது. சின்னத்தில் வருகிற வேற்றுமைக்குப் பந்தியை இரண்டாக்கினால், தலைவர்கள் கை குலுக்கிக்கொள்கிற அன்றைக்கு நாம் எந்த முகத்தோடு போய் உட்காருவோம்?

நம் முன்னோடிகளிலேயே மச்சான் மைத்துனர் இருவர் எப்படி முரண்பட்டார்கள் என்று பாருங்கள். இரட்டைமலை சீனிவாசனின் சகோதரியை மணந்தவர் அயோத்திதாசர். 1891-ல் திராவிட மகாஜன சபை கண்டவர். 'பறையர்' என்பது பகைவர்கள் பௌத்தர்கள் மீது சுமத்திய இழிபெயர், அதை நாம் சுமக்கக்கூடாது என்பது அவர் கட்சி. சீனிவாசனோ பறையர் மகாஜன சபை நடத்தினார். 1893-ல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை கொண்டுவந்தார். எந்தப் பெயரால் இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரைச் சொல்லியே உரிமை கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒருவர் பௌத்தத்துக்குப் போனார். மற்றவர் போகவில்லை, 1930-லும் 1931-லும் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு ஒரே பக்கம் உட்கார்ந்த பிறகும், 1935-ல் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை.

சாதாரணச் சண்டையா இது? நாம் யார், நம் பெயர் என்ன என்கிற அடிப்படைச் சண்டை. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சபை வைத்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள், மனு எழுதினார்கள், மக்களிடம் போனார்கள். அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' இல்லாமல் இன்று நமக்குப் பௌத்த மரபு பற்றிய பேச்சில்லை. சீனிவாசன் இல்லாமல் தமிழ்நாட்டுத் தலித் குரல் லண்டன் வரை போயிருக்காது. ஒரே உறவுக்குள் இரண்டு அரசியல் இருந்தது நமக்கு லாபமாகவே முடிந்தது. வேற்றுமை வந்தால் குடும்பம் கெடும் என்று பயப்படுகிறவர்களும், வேற்றுமை வந்தால் குடும்பத்தை விடு என்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

*

அப்படியானால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போவதா? கூடாது. கட்சி, சின்னம், தலைவர் என்பது ஒரு வகை. அதில் காத்திருக்கலாம். காத்திருக்கவே கூடாத வேறு சில இருக்கின்றன. பந்தலே அமைதியாகிப் போனாலும், பெரியவர்கள் முகம் சுளித்தாலும், அந்த இடத்திலேயே பேச வேண்டியவை அவை.

முதலாவது, அருந்ததியர். "நம்ம 18-ல 3-அ அவனுங்க எடுத்துக்கிட்டானுங்க." 2009-ல் உள்ஒதுக்கீடு வந்த நாளிலிருந்து இது நம் வீட்டுப் பந்தியில் கேட்கிற பேச்சு. 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்ற பிறகு இன்னும் கூடியிருக்கிறது. இடஒதுக்கீட்டைக் கண்டால் எரிகிற சாதி இந்து நம்மைப் பற்றிப் பேசுகிற அதே குரல், அதே வசனம், இப்போது நம் வாயிலிருந்து. 'எடுத்துக்கிட்டான்' என்றால் யாருடையதை? மலக்குழிக்குள் இறங்கிச் செத்தவர்களில் எத்தனை பேர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று அந்தச் சித்தப்பனைக் கேளுங்கள். உள்ஒதுக்கீட்டு முறையில் சட்டப்படி கேள்விகள் இருந்தால் பேசலாம். 'அவனுங்க' என்கிற அந்த உச்சரிப்பில் இருப்பது சட்டமில்லை, சாதி. நமக்குக் கீழே ஒருத்தன் வேண்டும் என்கிற மனசு நம் வீட்டு இலையில் இருக்கிறவரை, மேலே இருக்கிறவனைக் கேள்வி கேட்க நமக்கு யோக்கியதை ஏது?

இரண்டாவது, கல்யாணம். மேடையில் சாதி மறுப்புத் திருமணத்தை வாழ்த்திப் பேசுகிற தோழர், தன் தங்கை ஒரு அருந்ததியர் பையனை விரும்புகிறாள் என்று தெரிந்ததும், "நம்ம குடும்பத்துக்கு ஒத்துவராது" என்கிறார். புதுக்கூரைப்பேட்டைக்காக ஊர்வலம் போன கால் வீட்டு வாசலில் மறித்துக்கொண்டு நிற்கிறது. விஷம் கொடுக்கவில்லை, அடைத்துத்தான் வைத்தேன் என்பது வித்தியாசம்தான். அந்த வித்தியாசத்தின் பேரில் நாம் பெருமை பேச முடியாது. அந்தப் பெண் தனியாய் நிற்கும்போது, பந்தலில் எழுந்து, "அவ இஷ்டம்தான் முடிவு, நான் அவ பக்கம்" என்று ஒரு குரல் வர வேண்டும். அந்த ஒரு குரல் இயக்கத்துக்காரனுடையதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெண்கள். கொள்கைச் சண்டை நடக்கிற பந்தியில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அடுப்படியில். அத்தையும் சித்தியும் அண்ணியும் வெங்காயம் உரித்து, கறி கழுவி, ஆண்கள் நாலு பந்தி தின்று முடித்து அம்பேத்கரா பெரியாரா என்று ஏப்பம் விடும்போது, ஆறிய சோற்றுக்கு அடியில் குழம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் ஓட்டு இருக்கிறது. அவர்களுக்கும் ஊர்த்தெருக் களத்தில் கூலி பாக்கி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. முதல் பந்தியில் பெண்களை உட்கார வைத்து நாம் பரிமாறினால் என்ன ஆகும்? கூட்டம் போட்டு நூறு தீர்மானம் நிறைவேற்றுவதைவிட அதிக ரகளை ஆகும். ஆகட்டுமே.

சாமி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் இளைஞர்கள் முதலில் பாய்வது அத்தையின் குலதெய்வத்தின் மேல்தான். அம்பேத்கரின் துணைவியார் ரமாபாய் பண்டரிபுரம் போக ஆசைப்பட்டார். தீண்டப்படாதவர்கள் கோயிலுக்கு வெளியே தூர நின்று கும்பிட்டுத் திரும்ப வேண்டிய காலம். அம்பேத்கர் மறுத்தார். நம் உழைப்பாலும் தியாகத்தாலும் வேறொரு பண்டரிபுரத்தை உண்டாக்குவோம் என்ற பொருளில் அவருக்குச் சொன்னதாக அவரது வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவர் மறுத்தது வாசலில் நிற்க வைக்கிற அவமானத்தை. மனைவியின் பக்தியை அவர் நையாண்டி செய்யவில்லை. சேரி எல்லையில் ஐயரும் இல்லாமல் பூட்டும் இல்லாமல் நிற்கிற அத்தையின் சாமியையும், நம்மைத் தேர்வடம் தொட விடாத ஊர்ச்சாமியையும் ஒன்றாகப் போட்டு அடிக்காதீர்கள். ஊர்ச்சாமிக்கு வரி கொடுத்துவிட்டு வெளியே நிற்பதைக் கேளுங்கள். அதை அத்தையே கேட்கத் தொடங்குவாள்.

*

மாணவத் தோழர்களுக்கு, செய்கிற முறை பற்றிக் கொஞ்சம். சாவு வீட்டிலும் கருமாதியிலும் கட்சி பேசாதீர்கள். குடித்திருக்கிறவரிடம் பேசாதீர்கள், குடித்துவிட்டும் பேசாதீர்கள். நூறு பேர் பார்க்க ஒரு பெரியவரைத் தோற்கடித்தால் அவர் நம் பக்கம் வரமாட்டார். எதிர்ப்பக்கத்தில் ஆணி அடித்து உட்கார்ந்துவிடுவார். விசேஷம் முடிந்த மறுநாள் ஒரு நாள் தங்குங்கள். பந்தல் பிரிக்கிற நேரம், அண்டா கழுவுகிற நேரம், அப்போது கூடவே கை கொடுத்துக்கொண்டு பேசுகிற பேச்சுதான் காதில் ஏறும். செல்போனில் குடும்பக் குழுவுக்கு அனுப்புகிற நீளக் கட்டுரையை யாரும் படிப்பதில்லை.

பேச்சைக் கேள்வியாய்த் தொடங்குங்கள். "தாத்தா எந்தப் பண்ணையில இருந்தாரு? நம்ம நெலம் எப்படிக் கைவிட்டுப் போச்சு? 87-ல நீங்க எங்க ஓடுனீங்க?" இதைக் கேட்டால் அரசியல் தானாய் வரும். சாதிச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் பாரம் நிரப்பிக் கொடுங்கள். பேச்சுக்கு ஒரு காது கிடைக்கும். ஆனால் அதையே தொழிலாக்கி இன்னொரு புரோக்கர் ஆகிவிடாதீர்கள். பத்திரிகை அடிக்கும்போது கூட இருங்கள். எந்தத் தலைவர் படம் மேலே, யார் பேர் கீழே என்று சண்டை வரும். எல்லாத் தலைவரையும் எடுத்துவிட்டு, அந்த வீட்டிலேயே முதல் முதல் பள்ளிக்கூடம் போன ஆளின் பேரைப் போடச் சொல்லிப் பாருங்கள். யாரும் மறுக்க முடியாது. அந்த ஆள் பெரும்பாலும் உயிரோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். ஐயர் இல்லாத கல்யாணம் சட்டப்படி செல்லும் என்று 1967-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்பதை அவரை விட்டே சொல்லச் சொல்லுங்கள்.

இத்தனை செய்தும் மாமா மாறாமல் போகலாம். அடுத்த தேர்தலிலும் அவர் பழைய சின்னத்துக்கே குத்தலாம். குத்தட்டும். அவர் வீட்டுப் பந்தியில் 'அவனுங்க' என்கிற வார்த்தை வராமல் நின்றால், மகள் கல்யாணத்தில் மகளைக் கேட்டால், பண்ணையார் கேள்விக்கு, "எம்மருமவன் பேசுனது சரிதாங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்த ஓட்டைவிடப் பெரிய வேலை நடந்துவிட்டது. ஊர்த்தெருவை மாற்றப் போகிறோம் என்று கிளம்பியவர்கள் நாம். சொந்த மாமனிடம் பேசவே பொறுமை இல்லாதவன், ஏழு தலைமுறைப் பகையோடு நிற்கிற ஊரிடம் என்ன பேசப்போகிறான்?

அடுத்த கெடா வெட்டுக்குப் போங்கள். இலையில் உட்காருங்கள். எழுந்து போகாதீர்கள்.